நாற்பது ஆண்டுகள் நடந்த அம்மாள்



போன மாதம் வந்த கடிதக் கட்டில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தேன். ஜொகூர்ப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தங்கை எழுதியது. பேரும் தோட்டமும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். போடவில்லை. கடிதத்தை மட்டும் படியுங்கள்.

"அண்ணா, எங்கள் வீட்டுக்காரர் விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர். மத்தியானம் வந்து குளித்து, சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு ஜெபக்கூடத்துக்கு ஓடுகிறார். இரண்டு வருஷத்துக்கு முன் போதகர் ஐயா இவரைத் தோட்டத்துச் சபைக்குப் பொறுப்பாக வைத்தார். அன்றிலிருந்து ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, வாலிபர் கூட்டம், பிள்ளைகளுக்கு டியூஷன், கட்டட நிதி என்று எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் ஆரம்பித்தார். இப்போது வாலிபர் கூட்டத்துக்கு மூன்று பேர் வருகிறார்கள். டியூஷன் நின்றுவிட்டது. அவருக்கு எல்லார் மேலும் கோபம். பிள்ளைகள் அவரோடு பேசவே பயப்படுகிறார்கள். போன மாதம் மரத்தடியில் மயங்கி விழுந்தார். கொஞ்சம் விடுங்கள் என்றால், ஆண்டவருடைய வேலை, விடக்கூடாது என்கிறார். விடச் சொல்வது பாவமா அண்ணா?"

தங்கையே, முதலில் ஒன்று. மயங்கி விழுந்த மனிதரைக் கிளினிக்குக் கூட்டிப் போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மற்றதெல்லாம் பிறகு. நாளைக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து வாருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் வேதம் படித்துப் பட்டம் வாங்கியவன் அல்லன். இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் பாதிக்கு மேல் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கோயில் கமிட்டிக் காரியதரிசிக்கும் இந்த நோய் உண்டு. சங்கத் தலைவருக்கும், இளைஞர் மன்றத்துத் தம்பிக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஓடியாடுகிற அக்காளுக்கும் உண்டு. எனக்கே வந்ததுதான்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. லயத்தின் கோடியில் காலியாக இருந்த ஒரு வீட்டில் இரவுப் பள்ளி ஆரம்பித்தேன். முதல் வாரம் நாற்பது பேர். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரம் இரண்டு நாள் என்று சொல்லித் தொடங்கியதை ஐந்து நாளாக்கினேன். வராதவர்களை அவர்கள் வீட்டு வாசலிலேயே போய்த் திட்டினேன். நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போகிற மனிதர் ராத்திரி பத்து மணிக்கு அட்சரம் எழுதிக்கொண்டிருப்பாரா என்று ஒரு நாள்கூட எண்ணிப் பார்க்கவில்லை. நாலாவது மாதம் நானும் ஒரு மண்ணெண்ணெய் விளக்கும்தான் மிச்சம். ஜனங்களுக்கு அக்கறையில்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மை அதுவல்ல என்று தெரிந்துகொள்ள எனக்கு நரை விழ வேண்டியிருந்தது.

ஆகவே உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. அதற்குப் பதில் ஓர் அம்மாளைப் பற்றிச் சொல்கிறேன்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் தேக்காவில் இறங்கி, சிராங்கூன் சாலையில் பூவும் புடவையும் வாங்கிக்கொண்டு, வீரமாகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அடுத்த முறை சிலிகி சாலைப் பக்கமாகக் கொஞ்சம் நடந்து ஷார்ட் ஸ்திரீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். பேருக்கேற்ற குட்டைத் தெருதான். அங்கே தமிழ் மெதடிஸ்ட் திருச்சபை இருக்கிறது. அந்தத் தெருவில்தான் 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு கடைவீட்டில், ஒன்பது தமிழ்ப் பெண்பிள்ளைகளோடு ஒரு பள்ளி தொடங்கியது. தொடங்கியவர் சோபியா பிளாக்மோர் என்னும் ஆஸ்திரேலிய நாட்டுப் பெண்மணி. வயது இருபத்தொன்பது. கலியாணம் ஆகாதவர். அந்த ஜூலை மாதம்தான் கப்பலை விட்டு இறங்கியிருந்தார்.

இறங்கி ஒரே மாதத்தில் பள்ளியா, இது அவசரமில்லையா என்று மாப்பிள்ளை கேட்பார். (தங்கையின் கணவர் எனக்கு மாப்பிள்ளை முறைதானே!) நல்ல கேள்வி. ஆனால் அந்தப் பள்ளியைக் கேட்டவர்கள் தமிழ்த் தகப்பன்மார். எங்கள் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று இங்கிருந்த தமிழ் வணிகர்கள் ஏற்கெனவே மெதடிஸ்ட் சபையாரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திறந்திருந்த வாசலில் அம்மாள் நுழைந்தார், அவ்வளவுதான். கதவு திறந்திருக்கும்போது வெளியே நின்றுகொண்டு பொறுமை பொறுமை என்று சொல்வதற்குப் பேர் பொறுமையன்று, சோம்பல்.

மூடிய கதவுகளிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் பார்க்க வேண்டியது. அந்தக் காலத்துப் பெரானாக்கான் சீனக் குடும்பங்களில் பெண்பிள்ளை பன்னிரண்டு பதின்மூன்று வயதைத் தொட்டால் வாசற்படி தாண்டக் கூடாது. கலியாணம் வரை உள்ளேதான். நம் பாட்டிமார் காலத்துக் கட்டுக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. அம்மாள் வீடு வீடாகப் போனார். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, அவள் சம்பாதிக்கவா போகிறாள் என்று கேட்டு அனுப்பினார்கள். திரும்பவும் போனார். அந்த வீட்டுப் பெண்கள் பேசியது மலாய். ஆகையால் உட்கார்ந்து மலாய் படித்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் படித்தார் என்று சொல்வார்களே, அந்த மாதிரி.

ஒரு வருஷம் கழித்து, 1888இல், டான் கியோங் சைக் என்ற சீனப் பெரியவரின் உதவியால் கிராஸ் ஸ்திரீட்டில் நோன்யா பூன் என்ற அம்மாள் தம் வீட்டையே திறந்துவிட்டார். அங்கே சில சீனப் பெண்பிள்ளைகளோடு இரண்டாவது பள்ளி தொடங்கியது. முதற்பள்ளி இன்றைக்கு மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. இரண்டாவது இன்றைக்கு ஃபேர்ஃபீல்டு மெதடிஸ்ட் பள்ளி. ஆயிரக்கணக்கானோர் படித்து வெளியேறிவிட்ட இரண்டு பெரிய பள்ளிகளுக்கும் வேர், ஒரு கடைவீடும் ஓர் அம்மாளின் வீட்டு முன்கூடமும்தான்.

பள்ளி நடக்கத் தொடங்கியதும் அதைப் பின்னால் வந்தவர்களிடம் விட்டுக்கொடுத்துவிட்டு அம்மாள் அடுத்த வேலைக்குப் போனார். அநாதைப் பெண்களுக்கும் தூரத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு விடுதி நடத்தினார். மலாய் மொழியில் ஒரு பத்திரிகை நடத்தினார். 1894இல் மலாய் பேசும் சீனக் குடும்பங்களுக்கென்று ஓர் ஆராதனைக் கூட்டத்தைத் தொடங்கினார். அந்தச் சிறு கூட்டம் மிடில் ரோட்டில் பல ஆண்டுகள் வளர்ந்து, 1930 வாக்கில்தான் இப்போதுள்ள கம்போங் கப்போர் கோயிலுக்குக் குடிவந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல்! கப்போர் என்றால் சுண்ணாம்பு. அந்த வட்டாரத்துக்கு நம்மவர்கள் வைத்த பேரே சுண்ணாம்புக் கம்பம். லிட்டில் இந்தியாவின் நடுவில் அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது. அந்தச் சபைக்குப் போதகராக நெடுங்காலம் இருந்தவர் கோ ஹூட் கெங் என்ற உள்ளூர்ச் சீனர். அம்மாள் தொடங்கியதை அந்த மண்ணின் பிள்ளையே நடத்தினார்.

1920களின் இறுதியில் அம்மாள் ஊருக்குத் திரும்பினார். வந்து நாற்பது ஆண்டுகள். நடுவில் ஓய்வுக்கென்று ஊருக்குப் போயும் வந்திருக்கிறார். யாரும் அதைக் குறை என்று எழுதி வைக்கவில்லை. 1945இல் ஆஸ்திரேலியாவில் காலமானார். மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி இன்றிருக்கும் சாலைக்குப் பிளாக்மோர் டிரைவ் என்று பேர். (சிலர் மவுண்ட் சோபியா மேடும் இவர் பேரால் வந்தது என்று நினைக்கிறார்கள். இல்லை, அது இவர் வருவதற்கு முன்பே இருந்த பேர்.)

இதற்குப் பக்கத்திலேயே இன்னொருவரை நிறுத்திப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிக் கதைதான்.

சிங்கப்பூரில் மெதடிஸ்ட் சபையை நிறுவியவர் வில்லியம் ஓல்டாம். 1854இல் நம் பெங்களூரில் பிறந்தவர். முதலில் நில அளவை வேலை பார்த்தவர். 1885 பிப்ரவரியில் சிங்கப்பூரில் இறங்கினார். அடுத்த ஆண்டு மார்ச் முதல் தேதி, ஆமோய் ஸ்திரீட்டில் 13 பையன்களோடு ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினார். பகலில் பள்ளி. மாலையில் சபை. இடையில் சீன வணிகர்களின் சங்கத்தில் போய் வானசாஸ்திரம் பற்றிப் பேச்சு. கோல்மன் ஸ்திரீட்டில் கோயில் கட்டும் வேலை. பள்ளி மளமளவென்று வளர்ந்தது. மனிதர் மளமளவென்று தேய்ந்தார். 1889இல் உடம்பு முற்றிலும் கெட்டு நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. ஐந்து வருஷம் நிறையவில்லை.

ஓல்டாமைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் போட்ட அஸ்திவாரம் இல்லாமல் பிளாக்மோர் அம்மாளுக்கு நிற்க இடமேது? உடம்பு தேறியபின் அவர் மாணவர்களுக்குப் பாடம் சொன்னார், ஒரு சபையை நடத்தினார், 1904இல் பிஷப்பாகவே இந்தப் பக்கத்துக்கு வந்தார். 1937 வரை வாழ்ந்தார். ஆனால் ஒன்றை மாப்பிள்ளை கவனிக்க வேண்டும். அவர் போன அன்று பள்ளி மூடப்படவில்லை. சபை கலையவில்லை. நான் இல்லாவிட்டால் எல்லாம் போய்விடும் என்று நாம் ராத்திரி தூக்கமில்லாமல் புரளுகிறோமே, அந்தப் பயத்தில் பாதிக்கு மேல் வெறும் பயம்தான். மீதிப் பாதியைப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்துத் தீர்க்கலாம்.

வங்காளத்துக்குப் போன வில்லியம் கேரியைப் பற்றிச் சபைகளில் பெருமையாகப் பேசுவார்கள். 1793இல் வந்தவருக்கு முதல் இந்தியர் ஞானஸ்நானம் பெற 1800 டிசம்பர் வரை ஏழு வருஷம் ஆனது என்று. உண்மை, பெரிய பொறுமை. ஆனால் அதே வருஷங்களில் அவர் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தார், மனைவி டாரதி மனநிலை குலைந்து கடைசிவரை தேறவே இல்லை என்பதைப் பிரசங்கத்தில் யாரும் நீட்டிச் சொல்வதில்லை. தங்கையே, உங்கள் கடிதத்தில் பிள்ளைகள் பேசப் பயப்படுகிறார்கள் என்ற வரியைப் படித்ததும் எனக்கு அந்த அம்மாள்தான் நினைவுக்கு வந்தார்.

மாப்பிள்ளை வேதத்தை எடுத்துக்கொண்டு வாதாடுவார். வாதாடட்டும். யாத்திராகமம் பதினெட்டாம் அதிகாரத்தை அவர் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து ஜனங்களின் வழக்கையெல்லாம் தனியாளாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்க வந்த மாமனார் எத்திரோவுக்கு அது பொறுக்கவில்லை. இப்படியே போனால் நீயும் சோர்ந்துபோவாய், ஜனங்களும் சோர்ந்துபோவார்கள் என்கிறார். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு பேருக்கு ஒருவர், ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தகுந்தவர்களை வை, பெரிய வழக்கு மட்டும் உன்னிடம் வரட்டும் என்று ஏற்பாடு சொல்கிறார். செங்கடலைக் கடந்து வந்த மோசே, மாமனார் சொல்லைத் தட்டாமல் கேட்டுக்கொண்டார். எத்தனை மருமகன்மார் கேட்பார்கள், சொல்லுங்கள்! அந்த அதிகாரத்தில் எனக்குப் பிடித்தது இன்னொன்றும் உண்டு. எத்திரோ வரும்போது சும்மா வரவில்லை. மோசேயின் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

வேதம் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த ஒன்று இருக்கிறதே, பால் மரம்!

பிளாக்மோர் அம்மாள் சிங்கப்பூர்த் தெருக்களில் வீடு வீடாக நடந்துகொண்டிருந்த அதே நாளில், அதே ஊரில் இன்னொருவரும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். 1888இல் தாவரத் தோட்டத்துக்கு அதிகாரியாக வந்த ரிட்லி துரை. 1877இல் வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளிலிருந்து பெருகிய மரங்கள் அங்கே நின்றன. யாருக்கும் அக்கறையில்லை. எல்லாருக்கும் காப்பிதான். துரை ரப்பர் விதையைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டக்காரர்களைப் பார்த்து நடுங்கள், நடுங்கள் என்று கெஞ்சினார். பைத்தியக்கார ரிட்லி என்று பட்டம் கட்டினார்கள். எட்டு வருஷம் கழித்து, 1896இல்தான் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் தோட்டமாக நட்டார். ரிட்லி 1911 வரை அந்த வேலையில் இருந்தார். 1956இல் கண்ணை மூடும்போது நூறு வயது தாண்டியிருந்தது. நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்ததற்கும் நாம் இங்கே இருப்பதற்கும் அந்த மனிதரின் பிடிவாதம் ஒரு காரணம். அது நமக்கு நல்லதா கெட்டதா என்பது வேறு கட்டுரை.

அவர் செய்த பெரிய காரியம் விதை கொடுத்தது மட்டுமல்ல. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தாரே, அதுதான். கோடாலியால் கொத்தினால் அன்றைக்குப் பால் வரும், மரம் புண்ணாகும். பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திறந்தால் மரம் வருஷக் கணக்கில் கொடுக்கும். இதை மாப்பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டுமா? உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால் மண்டோர் சும்மா விடுவாரா? காயம் பட்ட இடத்தில் முண்டு முண்டாகத்தானே பட்டை வளரும்? பிறகு அதில் நேராக வெட்டு விழுமா? இன்றைக்கு வெட்டிய மரத்தை நாளைக்கு விட்டுவிட்டு அடுத்த நிரைக்குப் போவது ஏன்? மரத்துக்கு இளைப்பாற வேண்டும் என்றுதானே! சீவிய பட்டை மறுபடி வெட்டுக்குத் தயாராக ஏழெட்டு வருஷம் ஆகிறதே, அதுவரை அடுத்த பக்கம்தானே வெட்டுகிறோம்? மரத்திடம் இவ்வளவு பொறுமை காட்டுகிற கை, ஜெபக்கூடத்துக்குள் போனதும் கோடாலியைத் தூக்குவானேன்?

வாலிபர் கூட்டத்துக்கு வராத பையன்களைப் பற்றியும் யோசித்துப் பார்த்தேன். அவர்களில் பாதிப்பேர் பக்கத்து டவுனில் ஷிப்டு வேலை செய்கிறவர்களாக இருப்பார்கள். சிலர் சிங்கப்பூருக்கே தினம் பாலம் கடந்து போய் வருகிறவர்களாக இருப்பார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி இருட்டியபின் திரும்புகிற பையனுக்கு வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக் கூட்டம் பாரமாக இருப்பதில் வியப்பில்லை. அவனிடம் பக்தி இல்லை என்று சொல்வதற்கு முன் அவன் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

தங்கையே, விடச் சொல்வது பாவமா என்று கேட்டீர்கள். முழுக்க விடச் சொல்ல வேண்டாம். அது அவர் உயிரோடு ஒட்டிய வேலை. பிய்த்தால் பட்டையோடு வரும். குறைக்கச் சொல்லுங்கள். ஞாயிறு பள்ளி ஒன்றை மட்டும் அவர் கையில் வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் அது திறந்த கதவு. பாட்டுக்கு உங்கள் தோட்டத்தில் நல்ல குரலுள்ள ஓர் அத்தையோ சித்தியோ கட்டாயம் இருப்பார். அவரிடம் கொடுத்துவிட்டு, அவர் எப்படி நடத்தினாலும் மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்காரட்டும். இதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். டியூஷனை ஐந்தாம் படிவம் முடித்த பெண் யாராவது இருந்தால் வாரம் ஒரு நாள் என்று ஆரம்பிக்கட்டும். கட்டட நிதிப் புத்தகத்தைப் பெட்டியில் வையுங்கள். கம்போங் கப்போர்க்காரர்கள் முப்பத்தைந்து வருஷம் காத்திருந்தார்கள். உங்களுக்கு இரண்டு வருஷம்தான் ஆகியிருக்கிறது.

போதகர் ஐயாவிடமும் ஒருநாள் நீங்களே போய்ப் பேசுங்கள், கணவர் கோபித்துக்கொண்டாலும். வேலையைத் தூக்கிக் கொடுத்தவர், தூக்குகிறவரின் தோளையும் வந்து பார்க்க வேண்டும். தோட்டத்துக்கு மாதம் ஒருமுறை வந்து பிரசங்கம் செய்துவிட்டுக் காரேறிப் போகிற பெரியவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்தால், போகுமுன் அந்த வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்து, மாப்பிள்ளை தூங்கினாரா என்று அவர் மனைவியிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

மழை பெய்து வெட்டு இல்லாத நாள் வருமல்லவா, அன்றைக்கு ஜெபக்கூடத்துச் சாவியை அந்த அத்தையிடம் கொடுத்துவிட்டு அவரை வீட்டில் பிள்ளைகளோடு உட்கார வையுங்கள். இந்தப் பக்கத்தையும் அன்றைக்கே காட்டுங்கள். ஆனால் அவர் சோற்றை முழுக்கச் சாப்பிட்டு முடித்த பிறகு காட்டுங்கள். கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு மறக்காமல் எழுதுங்கள்.